அதே 27 புள்ளிகள்

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் சென்னையின் எஃப்.சி. 2022-23 சீசனில் 27 புள்ளிகள் எடுத்தது. அடுத்த சீசனில் 27. அதற்கும் அடுத்த 2024-25 சீசனிலும் 27. முதல் வருடம் எட்டாவது இடம். ஜெர்மனி அணிக்கு ஆடிய தாமஸ் பிரடாரிச் ஒரே சீசனோடு பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து போனார். இரண்டாம் வருடம் ஆறாவது இடம். 2020க்குப் பிறகு முதல் முறையாக அணி பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது, பயிற்சியாளராகத் திரும்பி வந்த ஓவன் கோய்லைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மூன்றாம் வருடம் 13 அணிகளில் பதினோராவது இடம். அதே கோய்ல் இருக்கலாமா, போக வேண்டுமா என்று சண்டை நடந்தது. 2025-இல் அவரும் போனார்.

அணிகள் கூடக்கூட லீகில் ஆட்டங்களும் கூடின: 20, பிறகு 22, பிறகு 24. 27 புள்ளிகளை இவற்றால் வகுத்தால் ஆட்டத்துக்கு 1.35, 1.23, 1.13 என்று வருகிறது. அணி படிப்படியாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கொண்டாடிய வருடம், பயிற்சியாளர் வெளியேறிய முந்தைய வருடத்தைவிட மோசம். 2022-23-இல் ஆறாவது இடத்தில் நின்ற ஒடிசா எடுத்தது 30 புள்ளிகள். அடுத்த வருடம் ஆறாவது இடத்துக்கு 27 போதுமானதாக இருந்தது. பிளே-ஆஃப் கோடு கீழே இறங்கி வந்து சென்னையைத் தூக்கிக்கொண்டது. பிரடாரிச் தோற்றவர், கோய்ல் ஜெயித்தவர் என்ற தீர்ப்பு அந்தக் கோட்டின் மேல்தான் எழுதப்பட்டது.

இந்தக் கணக்கில் என் அக்கறை வெறும் எண் விளையாட்டு அல்ல. கால்பந்து ரசிகர்கள் உலகம் முழுக்க மிக உக்கிரமாகப் பேசுகிற விஷயம் இதுதான்: தள்ளாடுகிற அணியின் கோச் இருக்கலாமா, கூடாதா? அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் பத்து வருடமாக உயிரோடு வைத்திருப்பது சென்னையின் எஃப்.சி. 2014-இல் பிறந்த இந்த கிளப்பின் வரலாற்றில் கோச்சை வைத்துக்கொண்டதற்கும் மாற்றியதற்கும் நல்ல சாட்சியங்கள் இருக்கின்றன. அவற்றை அருகே போய்ப் பார்த்தால், ரசிகர்கள் தவறான ஆளிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

நான் இருக்கும் திருப்பத்தூரிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் 200 கிலோமீட்டருக்கு மேல். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிப் போய், இரவு ஏழரை மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நள்ளிரவு வண்டியில் திரும்புகிற பையன்கள் இங்கே உண்டு. மற்றவர்கள் செல்போனில் பார்ப்பார்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் தொழில்முறைக் கால்பந்து கிடையாது. ஆனால் சலேசியத் துறவிகள் 1951-இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிற ஊர் இது. சலேசியர் போன இடமெல்லாம் பந்தும் போயிருக்கிறது. 2025 தொடக்கத்தில் ஒரு மாலை, மைதானத்து ஓரத்தில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“கோச்சைத் தூக்கணும் மச்சான். வேற வழியே இல்ல.”

“தூக்கிட்டு? டிஃபென்ஸ்ல நீ போய் நிப்பியா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவரிடம் பஞ்சாயத்து போனது. “சார், நீங்க சொல்லுங்க சார்.” அவர் யார் பக்கமும் சாயவில்லை. “டீமை யாருடா எடுத்தது?” என்று மட்டும் கேட்டார். பையன்களிடம் பதில் இல்லை. எனக்கும் அப்போது உடனே சொல்லத் தெரியவில்லை.

‘இருக்கட்டும்’ என்று சொல்கிறவர்களிடம் முதல் சீட்டு 2015. இத்தாலிக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்த மார்கோ மாத்தராஸி அப்போது பயிற்சியாளர். சீசனின் பிற்பகுதியில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. கிளப் அசையவில்லை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அணி அரையிறுதிக்கு ஏறியது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிவிட்டதால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடியது. டிசம்பர் 20 அன்று கோவா ஃபதோர்டாவில் இறுதி ஆட்டம்; 90 நிமிடம் நெருங்கும்வரை பின்தங்கியிருந்து, கோவா கோல்கீப்பரின் சொந்தக் கோலும் ஸ்டீவன் மெண்டோசாவின் கடைசி நிமிடக் கோலும் சேர 3-2 என்று கோப்பை வந்தது. வெள்ளத்தில் வீடு இழந்தவர்களும் அந்த இரவு சிரித்த ஊர் சென்னை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று கேட்பார்கள்.

வேண்டும். ஏனென்றால் அடுத்த வருடம் அதே மாத்தராஸியின் அணி எட்டில் ஏழாவது.

இரண்டாவது சாட்சியம் ஜான் கிரிகரி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீகண்டீரவா ஸ்டேடியத்தில், சொந்த ரசிகர்கள் சூழ ஆடிய பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்தவர். மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிப் போட்ட இரண்டு கோல்கள் இன்னும் பலர் கண்ணில் நிற்கும். அடுத்த சீசனில் அந்தச் சாம்பியன் அணி 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்றது. ஒன்பது புள்ளிகள், பத்து அணிகளில் பத்தாவது. கோப்பையைத் தூக்கிய அதே கை, அதே மூளை. கிரிகரி ஆறு மாதத்தில் முட்டாளாகிவிட்டாரா? அணியைப் பாருங்கள். நடுக்களத்தில் எதிரியின் ஆட்டத்தை உடைத்துக்கொண்டிருந்த வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஏறக்குறைய சீசன் முழுக்க வெளியே. முந்தைய சீசனில் ஒன்பது கோல் போட்ட ஜெஜே லால்பெக்லுவாவின் காலில் கோல் வற்றிப்போனது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

கிளப் கிரிகரியை வைத்துக்கொண்டது. 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதி வரை அணி போய் கோவாவிடம் தோற்றது. சரி, மீண்டுவிட்டார்கள் என்று தோன்றியது. அக்டோபரில் புது சீசன் தொடங்கியதும் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. நவம்பர் 28 அன்று ஒடிசாவுடன் சென்னையில் 2-2 டிரா. திருப்பத்தூர் தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டதும் அதே நாள்தான், இங்கே அன்று மேளதாளம் வேறு காரணத்துக்காக. இரண்டு நாள் கழித்து கிரிகரி விலகினார். ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகள்.

‘மாற்று’ என்பவர்களின் துருப்புச் சீட்டு இங்கே விழுகிறது. டிசம்பரில் வந்த ஓவன் கோய்ல், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பர்ன்லியை 2009-இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர், மீதி 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள் எடுத்தார். அணி நான்காவதாக முடித்தது. அரையிறுதியில் கோவாவைச் சொந்த மண்ணில் 4-1 என்று அடித்து, அங்கே போய் 2-4 என்று வாங்கி, மொத்தம் 6-5 என்று தப்பி, இறுதிக்குப் போனது. 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் பூட்டிய ஸ்டேடியத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3. கோப்பை கிடைக்கவில்லை, ஆனாலும் அந்த மூன்று மாதங்களைச் சென்னை ரசிகர்கள் தங்கள் பொற்காலங்களில் ஒன்றாகவே சொல்வார்கள். ஆட்டத்துக்கு ஒரு புள்ளிகூட எட்டாமல் கிடந்த அணி, ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி எடுக்கிறது. வீரர்கள் மாறவில்லை, கோச் மட்டும்தான் மாறினார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த வாதம் பலமானது, மழுப்பிவிட்டு நகர முடியாது. ஆனால் இதிலேயே இன்னொரு உண்மையும் இருக்கிறது. அந்த சீசனில் 15 கோல் போட்ட நெரியஸ் வால்ஸ்கிஸ், ஆட்டத்தை நெய்த ரஃபேல் கிரிவெல்லாரோ, தடுப்பில் நின்ற லூசியன் கோயன் எல்லாரும் கிரிகரி இருந்த கோடையில் வந்து சேர்ந்தவர்கள். கோய்ல் வந்து பெட்டியைத் திறந்தார். பெட்டிக்குள் சரக்கு ஏற்கெனவே இருந்தது.

இந்த இடத்தில் ஆய்வாளர்கள் என்ன கண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. நெதர்லாந்தின் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு முதல்நிலை லீகின் 1986 முதல் 2004 வரையான சீசன்களை எடுத்துக்கொண்டார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் அதற்குப் பிறகு மேம்பட்டனவா? மேம்பட்டன. ரசிகர் கண்ணுக்குத் தெரிவது இதுவரைதான். அவர் இன்னொன்றும் செய்தார்: அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காத அணிகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவையும் மேம்பட்டிருந்தன. நீக்கியதால் தனியாக ஒரு லாபமும் தெரியவில்லை. இத்தாலி லீகை ஆராய்ந்த டி பாவ்லாவும் ஸ்கோப்பாவும் 2012-இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவும் ஏறத்தாழ இதுவே. காரணம் சிக்கலானது ஒன்றும் இல்லை. ஒரு அணி தன் இயல்பான தரத்துக்குக் கீழே விழுந்து, தொடர்ந்து நாலு தோல்வி வாங்கிய பிறகுதான் கோச்சை அனுப்புகிறார்கள். அந்த அடிமட்டத்திலிருந்து பெரும்பாலும் மேலேதான் போக முடியும். புது ஆள் வந்த நேரம் நல்ல நேரம் என்கிறோம். பழைய ஆள் இருந்திருந்தாலும் அந்த நேரம் வந்திருக்கும்.

இது சராசரியின் பேச்சு. சராசரிக்குள் ஒரு கோய்ல் ஒளிந்திருக்கலாம், அவர் நிஜமாகவே எதையோ மாற்றியிருக்கலாம். நான் அப்படித்தான் நம்புகிறேன். 12 ஆட்டங்களில் 24 புள்ளி தானாக வந்துவிடாது. ஆனால் கோய்லின் கதை அங்கே முடியவில்லை என்பதே இந்த விவாதத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஒரே மனிதரை மூன்று வேறு அணிகளில் பார்க்க முடிகிறது. 2020-இல் சென்னை. பிறகு ஜாம்ஷெட்பூர்; அங்கே 2021-22-இல் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகளோடு லீக் கேடயத்தையே வென்றார். பிறகு மறுபடி சென்னை, 2023 முதல் 2025 வரை. இரண்டு சீசனிலும் 27. மூளை அதேதான், குரல் அதேதான். கைக்குக் கிடைத்த அணிதான் வேறு. பயிற்சியாளரின் கைவண்ணம் எவ்வளவு, கொடுத்த சரக்கின் தரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இந்தியக் கால்பந்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

2024 நவம்பர் 4 அன்று சென்னை, ஜாம்ஷெட்பூரை அவர்கள் ஊரிலேயே 5-1 என்று அடித்தது. அந்த இரவு எந்த ஊர் ரசிகர் ‘கோச் வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும்? அங்கே பொறுப்பில் இருந்தவர் காலித் ஜமீல். சீசன் முடிவில் ஜாம்ஷெட்பூர் 38 புள்ளிகளோடு ஐந்தாவது, சென்னை 27-உடன் பதினொன்றாவது. அடுத்த ஆகஸ்டில் ஜமீல் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர். இரண்டு அணிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு: போட்ட கோலைவிட வாங்கிய கோல் அதிகம். ஐந்தாவது இடத்தில் இருந்த அணிக்கும் கோல் வித்தியாசம் கழித்தலில்தான் இருந்தது. நெருக்கமான ஆட்டங்களை ஜாம்ஷெட்பூர் எப்படியோ தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தோற்றால் பெரிதாகத் தோற்றது. சென்னை டிராவிலும் ஒரு கோல் தோல்வியிலும் புள்ளிகளைச் சிந்தியது. ஜமீலின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஐசால் என்ற சின்ன மலையூர் அணிக்கு 2017-இல் ஐ-லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் 11 புள்ளி இடைவெளி முழுவதையும் இரண்டு கோச்சுகளின் தகுதி இடைவெளியாக வாசிப்பது பெரிய பிழை.

இங்கிலாந்திலும் இத்தாலியிலும் கோச்சை அவசரமாக மாற்ற ஒரு பயம் காரணம்: கடைசியில் முடித்தால் கீழ் லீகுக்கு இறங்க வேண்டும், டி.வி. பணம் போகும், நட்சத்திர வீரர்கள் போவார்கள். இந்தியன் சூப்பர் லீகில் பஞ்சாப் 2023-இல் கீழிருந்து ஏறி வந்தது. 2024-25 வரை கீழே யாரும் இறக்கப்படவில்லை. கிரிகரி பத்தில் பத்தாவதாக வந்தபோதும் கிளப்புக்கு இடம் போகவில்லை. உலகத்தில் மிகச் சில லீகுகளுக்கு மட்டும் வாய்த்த அவகாசம் இது. அந்த அவகாசத்தை வைத்து இளைஞர்களை வளர்த்திருக்கலாம், நான்கு வருடத் திட்டம் போட்டிருக்கலாம். நடந்தது என்ன? கிரிகரி போனபின் 2023 வரை, இறுதிக்குக் கூட்டிப்போன கோய்லை இழந்து, சாபா லாஸ்லோ ஒரு சீசன், போஷிதார் பாந்தோவிச் ஒரு சீசன்கூட முழுசாக இல்லை, பிரடாரிச் ஒரு சீசன். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 வாங்கியதும் பாந்தோவிச்சை அனுப்பினார்கள். சில ஆட்டங்களே மீதி. இறங்குமுகப் பயம் இல்லை. எட்டாவது இடத்தில் முடிந்தது. மீதி ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்கக் கூப்பிட்டது சையது சபீர் பாஷாவை. இந்தியாவுக்கு ஆடிய தமிழ்நாட்டுக்காரர், பல வருடம் உதவிப் பயிற்சியாளராக அணியோடு இருந்தவர். வீடு பற்றி எரியும்போது மட்டும் அவரைக் கூப்பிட்டுவிட்டு, சீசன் முடிந்ததும் வெளிநாட்டிலிருந்து அடுத்தவரைக் கொண்டுவந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ரசிகர்கள் ஏன் கோச்சையே பிடித்துக்கொள்கிறார்கள்? அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. நிர்வாகம் பிடிக்கவில்லையென்றால் பொதுக்குழுவில் எழுந்து கேட்கலாம். சென்னையில் ‘சூப்பர் மச்சான்ஸ்’, ‘பி ஸ்டேண்ட் ப்ளூஸ்’ என்று ரசிகர் படைகள் உண்டு. வெயிலிலும் மழையிலும் தொண்டை கிழியப் பாடியவர்கள். அவர்களிடம் இருப்பது பாட்டு, பேனர், டிக்கெட் வாங்காமல் இருக்கும் உரிமை. வீரர் ஒப்பந்தம் பேசும் அறைக்குள் அவர்கள் போக முடியாது. களத்தின் ஓரத்தில் நிற்கிற ஒருவர் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறார். கோபம் அங்கே போகிறது.

2024 டிசம்பரில் கேரளத்தில் நடந்தது இதை நன்றாகக் காட்டியது. கேரளா பிளாஸ்டர்ஸின் ‘மஞ்ஞப்பட’ ரசிகர் படை நிர்வாகத்துக்கு எதிராகவே போராட்டம் அறிவித்தது. சில நாளில், டிசம்பர் 16 அன்று, நிர்வாகம் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியது. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு. அமெரிக்க பேஸ்பாலில் மேனேஜர் நீக்கங்களை ஆராய்ந்த கேம்சனும் ஸ்காட்ச்சும் 1964-லேயே இதைப் பலிகடாச் சடங்கு என்று சொன்னார்கள். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஸ்டாரே 12 ஆட்டங்களில் 11 புள்ளிகள் எடுத்திருந்தார், அவர் போன பின் மீதி 12-இல் 18 வந்தது. அணி எட்டாவது இடத்தில் முடித்தது, பிளே-ஆஃப் இல்லை. நெதர்லாந்து அறிஞரிடம் காட்டினால், இந்த ஏற்றம் எனக்குப் பழக்கமானது என்பார்.

இந்த வாதம் எங்கே நடந்தாலும் கடைசியில் அலெக்ஸ் ஃபெர்குசன் வந்துவிடுவார். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார், மூன்று வருடம் கோப்பை இல்லை, 1989 கடைசியில் ரசிகர்களே போகச் சொல்லி பேனர் பிடித்தார்கள், கிளப் பொறுத்தது, பிறகு வரலாறு. எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. பொறுத்தும் ஒன்றும் நடக்காத நூறு கிளப்புகளை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு: அந்த மூன்று வருடத்தில் ஃபெர்குசன் ஆள் தேடும் ஏற்பாட்டையும் இளைஞர் அணியையும் திருத்தி அமைத்துக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தது. சீசனுக்கு ஒருவராக வந்து போகிறவருக்கு அந்த அதிகாரமும் கிடையாது, அந்த ஆசையும் வராது. தான் போன பிறகு ஆடப்போகிற பதினைந்து வயதுப் பையனுக்காக எந்தக் கோச் இன்று ஒரு மணி நேரம் செலவழிப்பார்?

ஆகவே அந்த பி.டி. மாஸ்டரின் கேள்விக்கே வருகிறேன். டீமை எடுத்தது யார்? வெளிநாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுத்தது கோச்சா, நிர்வாகமா? போன வருடம் நன்றாக ஆடியவரோடு ஒப்பந்தம் ஏன் நீளவில்லை? தனபால் கணேஷைக் கொடுத்த வியாசர்பாடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த கணேஷ் எந்த அணியில் வளர்கிறான்? ஜவ்வாது மலை புதூர்நாட்டில் ஒரு பையன் நன்றாக ஓடினால் அவனைப் பார்க்க யாராவது வருவார்களா? இவற்றை சீசன் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும், நாலாவது தோல்விக்குப் பிறகு அல்ல. கோச்சை எடைபோடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரே ஆள் எடுத்த இரண்டு சீசன்கள் கழித்து, பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை விட்டுவிட்டு, போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அவர் கைபட்டு இந்திய இளைஞர்கள் எத்தனை பேர் மேம்பட்டார்கள் என்று பாருங்கள். அப்போதும் மோசமென்றால் போகச் சொல்லலாம், நானும் சேர்ந்து சொல்வேன். அந்த அளவுகோலில் கோய்லின் இரண்டாவது வருகை தேறியிருக்காது என்றே நினைக்கிறேன். அவரைக் கூட்டிவந்தவர்களும் அதே தாளில் மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்.

2025 ஆகஸ்டில் இந்தக் கேள்வியே சில வாரங்கள் அடிபட்டுப்போனது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிய இருந்தது, புதுப்பிக்கப்படவில்லை, லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. தன் நடவடிக்கைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வருடம் பொறுப்புக்கு வந்தவர் கிளிஃபர்ட் மிராண்டா, கோவாக்காரர், இந்த கிளப்பின் முதல் முழுநேர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர். 2023-இல் இடைக்காலப் பொறுப்பில் இருந்துகொண்டே ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அக்டோபர் கடைசியில் கோவாவில் சூப்பர் கோப்பை நடந்தபோது, குறுகிய தயாரிப்போடு போன அவருடைய அணி மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டம் முடிந்த இரவே இங்கே ஒரு பையன் ஆரம்பித்துவிட்டான், இந்தக் கோச்சும் சரிப்பட மாட்டார் என்று. அவர் கையில் எத்தனை வீரர்களை, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.